பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும் தூசி: கேள்வி பதில்

பர்மாவில் மாசி, பங்குனி வந்தால் மழை கிடையாது. ரோட்டுப் புழுதி, வயல் எரிக்கும் புகை, குப்பை எரிக்கும் புகை எல்லாம் ஒன்றாகக் காற்றில் நிற்கும். ரங்கூன், பெகு, மௌல்மீன், மாண்டலே பக்கத்துத் தமிழர்கள் கேட்டவற்றுக்கு, குழந்தைகளின் மூச்சு நோய்களைப் பார்க்கும் மருத்துவர் அக்கா தந்த பதில்கள் இவை.

டல்லாவிலிருந்து ஒரு அம்மா: அக்கா, வீட்டுக்கு முன்னாடி மண் ரோடு. மோட்டார் சைக்கிள் போனா புழுதி அப்படியே உள்ள வந்து படியுது. மூணு வயசுப் பையனுக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. இந்தப் புழுதிதான் காரணமா?

ஒரு பங்கு காரணம், தங்கச்சி. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற புழுதியைவிடத் தெரியாததுதான் ஆழமாகப் போகும். தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும். தும்மல், மூக்கொழுகல், வறட்டு இருமலோடு முடியும். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ளவை நுரையீரலின் காற்றுப்பை வரை இறங்கும். மண் ரோட்டில் கிளம்புவது பெரும்பாலும் பெரிய துகள். டீசல் புகை, விறகுப் புகை, குப்பைப் புகை எல்லாம் நுண்துகள்.

பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறார். கைக்குழந்தை 30, 40, அதற்கு மேலும் விடும். எடைக்குக் கணக்குப் போட்டால் பிள்ளை இழுக்கும் காற்று நம்மைவிட அதிகம். அதுவும் தரையோடு தவழ்ந்து, புழுதி அடர்ந்திருக்கும் உயரத்தில். மூச்சுக்குழாயும் சிறியது; பெரியவருக்குத் தெரியாத வீக்கம் பிள்ளைக்கு இழுப்பாகிவிடும்.

ரோட்டில் தண்ணீர் தெளிப்பது பங்குனி வெயிலில் ஓரிரு மணி நேரம்தான் நிற்கும். வண்டி அதிகம் ஓடும் நேரத்துக்குச் சற்று முன் தெளித்தால் பலன் உண்டு. பழைய இன்ஜின் ஆயில் ஊற்றுகிறார்கள் சில இடங்களில். அது வேண்டவே வேண்டாம். அதிலுள்ள ஈயமும் நச்சுப் பொருள்களும் மண்ணோடு காய்ந்து மறுபடி தூசியாகத்தான் எழும். வீட்டு முன்னால் இருபது முப்பது அடிக்கு ஜல்லி கொட்டி, வண்டி வேகம் குறைய ஒரு மேடு போடச் சொல்லித் தெருக்காரர்களைக் கேளுங்கள். வேகம் குறைந்தாலே புழுதியும் தணியும். வீட்டுக்குள் உலர்ந்த விளக்குமாறு கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள், அதுவும் பிள்ளை வெளியே இருக்கும்போது.

இரண்டு வாரத்துக்கு மேல் நிற்காத இருமல் என்றால் புழுதி என்று நாமே முடிவு செய்யாமல் காசநோய்க்கும் ஆஸ்துமாவுக்கும் பார்த்துவிட வேண்டும்.

பெகுவிலிருந்து ஒரு பாட்டி: அம்மாடி, எங்க காலத்துலே பிள்ளையைக் குளிப்பாட்டினதும் சாம்பிராணி போடுவோம். மருமக வேண்டாங்கிறா. சளி பிடிக்காம இருக்கத்தானே போடறது?

மருமகள் சொல்வது சரி, பெரியம்மா. தலை ஈரம் காயட்டும் என்ற எண்ணம் நல்லது. காய வைப்பதைத் துண்டே செய்துவிடும். தணல்மேல் தூள் போட்டு அந்தப் புகை நேரே ஒரு மாதப் பிள்ளையின் முகத்துக்குப் போகும்போது, வெளியே எந்த ரோட்டிலும் இல்லாத அளவு நுண்துகள் அந்த ஓர் அறையில் சேர்கிறது. தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வேறு. பிறந்து இரண்டு மூன்று மாதம் வரை பிள்ளைக்கு இருமித் துப்பும் வலுவும் போதாது.

பூசைக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் பிள்ளையை வேறு அறைக்குக் கொண்டுபோய், ஜன்னல் திறந்து, புகை முழுக்க வெளியேறிய பிறகு அழைத்து வாருங்கள். ஊதுபத்திக்கும் இதே பேச்சுதான்.

இதோடு கொசுவர்த்திச் சுருளையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சுருள் முழுக்க எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வந்த ஆய்வொன்று அளந்து காட்டியது. சாம்பிராணி வேண்டாம் என்று சண்டை போடுகிற வீடுகளிலும் ராத்திரி முழுக்கக் கட்டிலடியில் சுருள் புகைகிறது! டெங்கு இருக்கிற ஊர். கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. பகலிலும் பிள்ளை தூங்கும்போது கொசுவலை கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள்.

மௌல்மீனிலிருந்து: பிள்ளைக்குப் பவுடர் போடலாமா?

டப்பாவைப் பிள்ளைக்கு மேலே பிடித்துத் தட்டுவது கூடாது. அந்தத் தூள் மூச்சில் போனால் நுரையீரல் வீங்கும். டப்பாவைக் கையில் கொடுத்து விளையாட விட்டதில் ஆபத்தான நிலைக்குப் போன பிள்ளைகள் உண்டு. பவுடர் இல்லாமலே பிள்ளை வளரும். தனாக்கா (முகத்தில் பூசும் மரப்பட்டை அரைப்பு) என்றால் கல்லில் ஈரமாக அரைத்துப் பூசுங்கள், உலர்ந்த பொடியாகத் தூவ வேண்டாம்.

ரங்கூனிலிருந்து ஒரு அண்ணன்: நாங்க எல்லாம் புழுதியிலேயே புரண்டு வளர்ந்தவங்க. ஒண்ணும் ஆகலையே. இப்ப எதுக்கு இத்தனை பயம்?

அண்ணே, ஒரு வயதுக்குள் இறந்த பிள்ளை வந்து "நானும் புழுதியில்தான் வளர்ந்தேன்" என்று சொல்லப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களை மட்டும் கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும்.

ஏழை ஊரில் புகையும் அதிகம், சத்துக்குறைவும் அதிகம், ஆஸ்பத்திரியும் தூரம். எதனால் பிள்ளை இறந்தது என்று பிரிப்பது கடினம். அதைப் பிரிக்க ஆப்பிரிக்காவில் ஒரு நல்ல வழி பிடித்தார்கள். சாட் நாட்டின் போடெலே பள்ளத்திலிருந்து கிளம்பும் சகாராத் தூசி, மேற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவும். அந்தப் பள்ளத்தில் அந்த வருடம் மழை எப்படி, காற்று எப்படி என்பதைப் பொறுத்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள கிராமத்தில் தூசி கூடும், குறையும். அந்தக் கிராமத்தின் வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அப்படிப் பார்த்து 2020-இல் வெளியிட்ட கணக்கு: தூசியால் ஓர் ஊரின் நுண்துகள் ஆண்டுச் சராசரி 25 சதவீதம் கூடினால், ஒரு வயதுக்குள் இறப்பு 18 சதவீதம் கூடுகிறது. தொழிற்சாலைப் புகை கலக்காத வெறும் பாலைவன மண் செய்கிற வேலை இது. "இயற்கையான தூசிதானே" என்ற ஆறுதலை அதோடு விட்டுவிடலாம்.

உலக அளவில் 2021-இல் காற்று மாசோடு தொடர்புடைய ஐந்து வயதுக்குட்பட்ட இறப்புகள் ஏழு லட்சத்துக்கு மேல். சத்துக்குறைவுக்கு அடுத்த இடம். அதில் பெரும்பங்கு வீட்டு அடுப்புப் புகை, தெருப் புழுதி இல்லை.

தட்டோனிலிருந்து ஒரு தங்கை: கரண்டு எப்ப வரும்னே தெரியல. கேஸ் விலை கட்டுப்படியாகல. விறகும் கரியும்தான். என்ன செய்யறது அக்கா?

கேஸும் கரண்டும்தான் நல்லது என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கிடைக்காதவர்களுக்கு அது பதிலாகாது. வரும்போது மட்டும் கரண்டில் சோறு வடித்துக்கொண்டாலே அடுப்பு எரியும் நேரத்தில் பாதி மிச்சம்.

விறகைப் பொறுத்தவரை முதல் எதிரி ஈரம். பச்சை விறகு எரிவதற்கு முன் தண்ணீரை ஆவியாக்க வேண்டியிருக்கிறது; தீ சூடேறாமல் அரைகுறையாக எரிந்து, எரியாத மிச்சமெல்லாம் புகையாக வருகிறது. மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, மழை படாத காற்றோட்டத்தில் குறைந்தது மூன்று மாதம் அடுக்கி வையுங்கள். இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்'கென்று கேட்டால் காய்ந்தது, 'பொத்'தென்றால் ஈரம். வைகாசி மழை தொடங்குமுன் மழைக்காலத்துக்கு வேண்டியதை அடுக்கிவிட வேண்டும்.

பருப்பை ஊற வைத்துப் போடுங்கள், பாத்திரத்தை மூடி வையுங்கள். அடுப்பு அணையும்போது வரும் புகைதான் மோசம். சமையல் முடிந்ததும் கட்டையை வெளியே இழுத்து மண்ணில் குத்தி அணைத்துவிடுங்கள், உள்ளே கிடந்து புகைய விடாதீர்கள். முடிந்தால் அடுப்பை வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். உள்ளேதான் என்றால் கூரையை ஒட்டி, அடுப்புக்கு நேர் மேலே ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் கீழே ஒரு திறப்பு. இரண்டும் வேண்டும்; மேலே மட்டும் திறந்தால் புகை சுழன்று உள்ளேயே நிற்கும்.

கரியில் புகை குறைவாகத் தெரிவதால் நல்லது என்று எண்ணுகிறார்கள். நுண்துகள் விறகைவிடக் குறைவுதான், ஆனால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அதிகம். பற்ற வைப்பதை வெளியே செய்து, கரி முழுக்கச் சிவந்து சாம்பல் பூத்த பிறகே உள்ளே கொண்டு வாருங்கள். மார்கழிக் குளிருக்குச் சட்டியில் கரி போட்டுக் கதவை மூடித் தூங்கினால் வீட்டோடு சாவு. பற்ற வைக்கப் பிளாஸ்டிக் பை, சைக்கிள் டியூப் துண்டு போடுவதையும் நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட மலிவானது: சமைக்கிறவர் முதுகிலோ இடுப்பிலோ பிள்ளை இருக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை வேறொருவர் வெளியே வைத்துக்கொள்ளட்டும், அக்காக்காரியாக இருந்தாலும் சரி.

அதே தங்கை: புகைபோக்கி வைத்த அடுப்பு வாங்கினா நிமோனியா வராதா?

குறையலாம், உறுதி சொல்ல முடியாது. குவாத்தமாலாவில் புகைபோக்கி அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் மேல் படும் புகை பாதியாகக் குறைந்தும், மொத்த நிமோனியா எண்ணிக்கையில் உறுதியான குறைவைக் காட்ட முடியவில்லை, கடுமையான நிமோனியா மட்டும் குறைந்தது. மலாவியில் விசிறி வைத்த விறகடுப்பு கொடுத்த பெரிய ஆய்விலும் நிமோனியா குறையவில்லை. தமிழ்நாட்டையும் சேர்த்து நாலு நாடுகளில் கேஸ் அடுப்பே இலவசமாகக் கொடுத்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது, ஒரு வயதுக்குள் வரும் கடுமையான நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. நிமோனியாவுக்குப் புகை தவிரக் கிருமி, எடைக்குறைவு, வீட்டில் ஆள் நெரிசல் என்று வேறு காரணங்களும் உண்டு; பக்கத்து வீட்டுப் புகையும் வருகிறது. ஒரு வீடு மட்டும் மாறுவதைவிட ஒரு வரிசை வீடுகள் சேர்ந்து மாறுவது நல்லது என்பது என் எண்ணம். அம்மாவின் கண்ணெரிச்சலும் தீக்காய ஆபத்தும் குறையும் என்பதற்காகவே புகைபோக்கி வாங்கலாம்.

ரங்கூன் பக்கத்துச் சிரியம் ஊரிலிருந்து: இருமல் சாதாரணமா, ஆபத்தா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

மூச்சை எண்ணுங்கள். செலவில்லாத பரிசோதனைகளில் இதைவிட நல்லது கிடையாது.

பிள்ளை அழக்கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக்கூடாது. தூங்கும்போது சுலபம். சட்டையை மார்பு வரை தூக்குங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒன்று. கடிகாரம் பார்த்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது தவறு, ஏனென்றால் பிள்ளைகள் இடையில் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடுவார்கள். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60-ஐத் தொட்டால், மறுபடி ஒருமுறை எண்ணி உறுதி செய்து, உடனே ஆஸ்பத்திரி. 2 முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேக மூச்சு. அன்றைக்கே காட்ட வேண்டும். காய்ச்சல் கடுமையாக இருந்தால் அதைத் தணித்த பிறகு மறுபடி எண்ணுங்கள், காய்ச்சலே எண்ணிக்கையைக் கூட்டும்.

அடுத்தது விலா. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் எண்ணிக்கை எதுவானாலும் புறப்படுங்கள். பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, உதடு நீலம்: இவற்றில் ஒன்று போதும், இரவு என்றும் பார்க்காதீர்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்ஸிமீட்டர் இருந்தால் 90-க்குக் கீழ் ஆபத்து. ஆனால் பெரியவர் கிளிப் கைக்குழந்தையின் விரலில் சரியாகக் காட்டாது. கால் பெருவிரலில் போட்டு, எண் நிலைத்து நின்ற பிறகு பாருங்கள். மெஷின் நல்ல எண் காட்டி விலா குழிந்தால் விலாவை நம்புங்கள்.

மாண்டலேயிலிருந்து ஒரு அப்பா: பளிங்குச் சிலைப் பட்டறையில் வேலை. உடம்பெல்லாம் வெள்ளைத் தூளோடுதான் வீட்டுக்கு வருவேன். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா அக்கா?

பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். இருமல், எரிச்சல் தரும். நுரையீரலைத் தழும்பாக்குவது சிலிக்கா. கிரானைட், மணற்கல், குவார்ட்ஸ் கல் வெட்டுகிற பட்டறை என்றால் அந்த ஆபத்து நிச்சயம் உண்டு. ஒரே பட்டறையில் இரண்டு வகைக் கல்லும் வெட்டினால் சிலிக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறையிலேயே லுங்கியும் சட்டையும் மாற்றி, தலையோடு குளித்துவிட்டு வாருங்கள். உடுப்பை வீட்டில் உதறாமல் நேரே தண்ணீரில் முக்குங்கள், பிள்ளைத் துணியோடு சேர்க்காமல். வெட்டும் இடத்தில் தண்ணீர் சொட்ட ஒரு குழாய் பொருத்தினால் தூசி பெருமளவு அடங்கும். கரண்டு மெஷின் என்றால் ஈரத்துக்கென்று செய்த மெஷினில் மட்டும். சாதாரண கிரைண்டரில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்கும்.

சிலிக்கா சேர்ந்த நெஞ்சில் காசநோய் எளிதாகப் பிடிக்கும். அப்பாவுக்கு இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை. நோய் என்று தெரிந்தால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்து, நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்குங்கள். கல்தூசியால் பிள்ளைக்கு வரும் பெரிய ஆபத்து பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான் வருகிறது.

பின்மனாவிலிருந்து: பக்கத்து வீட்டில் பழைய பேட்டரி உடைக்கிறார்கள். மணம் ஒன்றும் பெரிதாக இல்லை.

மணத்தைப் பார்க்காதீர்கள், அது ஈயம். பிள்ளை அந்தத் தூசியை மூச்சில் இழுப்பதைவிடக் கையிலும் பொம்மையிலும் ஒட்டியதை வாயில் வைத்துத்தான் அதிகம் விழுங்கும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், பிள்ளை உடம்பு பாதி வரை எடுக்கும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை இன்னும் கூட. நைஜீரியாவின் ஸம்ஃபாராவில் 2010-இல் ஈயம் கலந்த தங்கக் கல்லை வீட்டு முற்றத்திலேயே அரைத்ததில் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்த வேலை குடியிருப்பிலிருந்து வெளியே போக வேண்டும். இதில் நடுவழி கிடையாது. அதுவரை முற்றத்து மேல்மண்ணைச் சிமெண்டாலோ சுத்தமான மண்ணாலோ மூடுங்கள், சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், வாசலில் செருப்பை விடுங்கள். ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் எட்டினாலே எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல்.

ரங்கூனிலிருந்து: மாஸ்க் போடலாமா?

இரண்டு வயதுக்குக் கீழ் கூடாது, மூச்சு முட்டும். துணி மாஸ்க்கும் நனைத்த துணியும் பெரிய புழுதியைத்தான் தடுக்கும். நுண்துகளைத் தடுக்கும் N95 மாஸ்க் பெரியவர் முகத்துக்குச் செய்தது. கன்னத்தோரம் இடைவெளி இருந்தால் போட்டும் போடாததுதான்.

அதே ஊரிலிருந்து ஒரு டீச்சர்: போனில் காற்றின் எண் காட்டுது. எத்தனைக்கு மேல் போனா பிள்ளைகளை விளையாட விடக்கூடாது?

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஒருநாள் வரம்பு நுண்துகள் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் ஊர் வறட்சிக் காலத்தில் அதைப் பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் விளையாடவே முடியாது. ஆகவே நடைமுறையில்: 35-க்கு மேல் இழுப்பு உள்ள பிள்ளைகளை ஓட விடாதீர்கள், 55-க்கு மேல் யாரையும் ஓட விடாதீர்கள். போன் காட்டுவது மைக்ரோகிராமா, குறியீட்டு எண்ணா என்று முதலில் பாருங்கள். அமெரிக்கக் குறியீட்டில் 35 மைக்ரோகிராம்தான் 100 என்று வரும். மார்கழி, தை காலைகளில் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைக்கும். விளையாட்டு வகுப்பை வெயில் ஏறிய பிறகு வைத்தால் அதுவே பாதி வேலை. பள்ளி முற்றத்தில் சருகு எரிக்கும் வழக்கம் இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள், டீச்சர்.

மௌல்மீனிலிருந்து ஒரு அம்மா: ஏழு வயசுப் பெண்ணுக்கு இழுப்பு. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தாங்க. அது பழகிடும்னு சொல்றாங்க, சிரப்பே போதாதா? ஸ்பேசர் விலையும் கேட்டா தலை சுத்துது.

பழகாது. சிரப்பு வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, மெதுவாக நெஞ்சுக்கு வரும். நெஞ்சு படபடப்பும் கை நடுக்கமும் அதில்தான் அதிகம். இன்ஹேலர் மிகச் சிறிய அளவை நேரே மூச்சுக்குழாயில் சேர்க்கிறது.

ஸ்பேசர் என்பது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைக்கும் குடுவை. அதற்குக் காசு வேண்டாம். 500 மில்லி தண்ணீர் பாட்டில் போதும். சரியாகச் செய்தால் கடையில் விற்பதற்குச் சமமாக வேலை செய்கிறது என்று தென்னாப்பிரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 1999-லேயே காட்டிவிட்டார்கள். பாட்டிலைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் கவிழ்த்துக் காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தெல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அடிப்பக்கத்தில் இன்ஹேலர் வாயின் வடிவத்தை வரைந்து, சூடாக்கிய கம்பியால் அதைவிட ஒரு மயிரிழை சிறிதாகத் துளை போட்டு, இன்ஹேலரை இறுக்கமாகச் செருகி, சுற்றி டேப் ஒட்டுங்கள். காற்று கசிந்தால் பயனில்லை. பிள்ளையின் வாயில் இருப்பது பாட்டிலின் வாய்.

இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி ஒரே ஒரு முறை அமுக்குங்கள். பிள்ளை பாட்டிலுக்குள் ஐந்தாறு முறை சாதாரணமாக மூச்சு விடட்டும். அரை நிமிடம் விட்டு, மறுபடி குலுக்கி அடுத்தது. இரண்டு மூன்று பஃப்பை ஒன்றாக அடித்துவிடுவதுதான் எல்லா வீட்டிலும் நடக்கிற தவறு. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, பாதி பாட்டிலிலேயே நின்றுவிடும். புதுப் பாட்டிலில் முதல் தடவை நாலைந்து பஃப்பைச் சும்மா அடித்துச் சுவரைப் பூசிவிட வேண்டும்.

இழுப்பு கடுமையானால் ஏழு வயதுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால் இன்ஹேலர் 4 முதல் 10 பஃப் வரை, 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரம் தரலாம். பேச முடியாமல் திணறினால், உதடு நீலமானால், சோர்ந்து சாய்ந்தால் அந்த ஒரு மணி நேரம் காத்திருக்கக்கூடாது. கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் இது தேவைப்பட்டால் தினசரி தடுக்கும் இன்ஹேலர் வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருந்துக்கடையில் போடும் "இழுப்பு ஊசி"யை நம்பி மாதங்களை ஓட்ட வேண்டாம்.

தௌங்குவிலிருந்து ஒரு தாத்தா: பனைவெல்லம் தின்றால் நெஞ்சுத் தூசி இறங்கிவிடும் என்கிறார்களே?

வெல்லம் போகும் வழி வேறு, மூச்சு போகும் வழி வேறு, ஐயா. தூசியை மேலே தள்ள நுரையீரலுக்கே சளியும் நுண்ணிய மயிர்களும் இருக்கின்றன. புகையில்லாத காற்று கிடைத்தால் அவை வேலையைப் பார்க்கும். பேரப்பிள்ளைக்கு ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பென்டா (ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுவது), நியூமோகாக்கல் (நிமோனியாக் கிருமிக்கு), தட்டம்மை தடுப்பூசிகள் தவறாமல். இருமலுக்குத் தேன் தரலாம், ஒரு வயது நிறைந்த பிறகு அரை முதல் ஒரு டீஸ்பூன். அதற்கு முன் ஒரு சொட்டும் கூடாது, தேனில் இருக்கக்கூடிய கிருமி விதை பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும்.